மணவிலக்கும் அதன் விலையும்



திருமணத்திற்கு ஆகும் செலவைப் பற்றிப் பேசாத வீடு நம் நாட்டில் இல்லை. மண்டபத்திற்கு இவ்வளவு, பந்திக்கு இவ்வளவு, நகைக்கு இவ்வளவு என்று பல மாதங்களுக்கு முன்பே ஏடு போட்டுக் கணக்கு எழுதத் தொடங்கிவிடுகிறோம். அத்திருமணம் முறிய நேர்ந்தால் என்ன செலவாகும் என்பதை மட்டும் எவரும் வாய் திறந்து பேசுவதில்லை. அபசகுனம் என்று ஒதுக்கிவிடுகிறோம். பேசாதிருப்பதனால் துன்பம் வாராதிருக்குமானால் நன்று. ஆனால், சில குடும்பங்களில் அது வரத்தான் செய்கிறது. வரும்போது அறியாமையும் உடன் சேர்ந்துகொண்டால் துன்பம் இருமடங்காகின்றது.

“இந்த வயதில் இப்பொருள் எங்களுக்கு எதற்கு?” என்று நீங்கள் கேட்கக்கூடும். உங்களுள் சிலர் நாளை வழக்குரைஞர் ஆவீர்கள். சிலருக்கு, ஒரு தமக்கையோ அண்டை வீட்டாரோ கண்ணீரோடு வந்து வழி கேட்கும் நாள் வரலாம். அன்றியும், ஒரு நாட்டின் சட்டத்தை அறிந்திருப்பது குடிமக்களின் கடமைகளுள் ஒன்று. மணவிலக்குப் பெறுமாறு எவரையும் தூண்டுவது என் நோக்கம் அன்று. அந்நிலை வந்தால் அதற்கு ஆகும் விலை யாது, அது எதனால் ஏறுகின்றது, அதனைக் குறைக்கச் சட்டமே வகுத்துள்ள வழிகள் யாவை என்பனவற்றை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். உரிமை என்பது ஏட்டில் இருப்பது வேறு. ஏழையின் கைக்கு எட்டுவது வேறு. இவ்வுண்மையை இங்கிலாந்து நாட்டின் வரலாறு நன்கு காட்டுகிறது. அங்கு 1857-ஆம் ஆண்டு வரை, மறுமணம் செய்துகொள்ள இடமளிக்கும் முழு மணவிலக்கு வேண்டுமாயின், ஒருவர் தமக்கென்று பாராளுமன்றத்தில் ஒரு தனிச் சட்டமே நிறைவேற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு முன் சமய நீதிமன்றம் ஒன்றில் வழக்கு. உரிமையியல் நீதிமன்றத்தில் மற்றொரு வழக்கு. இவ்வளவையும் கடக்கப் பல நூறு பவுன் தேவைப்பட்டது. 1845-ஆம் ஆண்டு, மனைவி பிரிந்து சென்றபின் வேறொருத்தியை மணந்துகொண்ட ஓர் ஏழை, நீதிபதி மால் என்பார்முன் குற்றவாளியாக நிறுத்தப்பட்டார். அவர் செய்திருக்க வேண்டிய வழக்குகளை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துரைத்த நீதிபதி, அத்தனை பணம் அவரிடம் இல்லை என்பது உண்மையே ஆயினும் சட்டம் செல்வர்க்கும் வறியவர்க்கும் ஒன்றே என்று எள்ளல் தோன்றக் கூறினார். சட்ட வரலாற்றில் புகழ்பெற்ற அவ்வுரை, சீர்திருத்தம் வேண்டினோர்க்குப் பெருந்துணையாயிற்று. 1857-இல் இயற்றப்பட்ட சட்டம், மணவிலக்கு வழக்கைப் பாராளுமன்றத்தினின்றும் நீதிமன்றத்திற்குக் கொணர்ந்தது.

நம் நாட்டிற்கு வருவோம். இந்துக்களிடையே பல சமூகங்களில் ஊரார் முன்னிலையில் தீர்த்துவிடும் வழக்கமும், அறுத்துக்கட்டும் வழக்கமும் நெடுங்காலமாக இருந்துவந்தன. ஏனையோர்க்கு அவ்வழி இல்லை. சென்னை மாகாணத்தில் 1949-ஆம் ஆண்டு இருதார மணத்தைத் தடுத்து மணவிலக்குக்கு இடமளிக்கும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 1954-இல் தனித் திருமணச் சட்டமும், 1955-இல் இந்து திருமணச் சட்டமும் நாடு முழுமைக்குமாக வந்தன. கிறித்தவர்க்கு 1869-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. அதன்படி மாவட்ட நீதிமன்றம் வழங்கிய மணவிலக்கை உயர்நீதிமன்றம் உறுதிசெய்தாக வேண்டும் என்றிருந்த விதி 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கியது. ஒரு படி குறைந்தால் ஒரு செலவு குறைகிறது என்பதற்கு இஃது ஒரு சான்று. இவ்வுரையில் பெரும்பாலும் இந்து திருமணச் சட்டத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

இனி, செலவு என்பது யாது என்று பகுத்துக் காண்போம். அதனை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, நீதிமன்றக் கட்டணம். பலரும் அஞ்சுவது இதற்கே. ஆயின், நான்கனுள் மிகச் சிறியது இதுவே. சொத்து வழக்கில் சொத்தின் மதிப்புக்கேற்பக் கட்டணம் ஏறும். மணவிலக்கு மனுவுக்கு அவ்வாறன்று. சிறியதொரு நிலையான கட்டணமே உண்டு.

இரண்டாவது, வழக்குரைஞர்க்குத் தரும் ஊதியமும், தட்டச்சு, நகல், சான்றொப்பம் முதலிய சில்லறைச் செலவுகளும்.

மூன்றாவது, வாய்தாச் செலவு. இதனை ஒருவரும் முன்கூட்டிக் கணக்கிடுவதில்லை. ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாட்கூலி 800 ரூபாய் பெறும் ஒருவர், ஒவ்வொரு வாய்தாவுக்கும் பேருந்துக்கும் உணவுக்குமாக 200 ரூபாய் செலவிடுகிறார் என்று கொள்வோம். ஒரு நாள் நீதிமன்றம் சென்றால் கூலியிழப்பும் செலவும் சேர்ந்து 1,000 ரூபாய். மாதம் ஒரு வாய்தா. நான்கு ஆண்டுகள் வழக்கு நடக்கிறது. 48 வாய்தாக்களுக்கு 48,000 ரூபாய்! இதில் வழக்குரைஞர்க்கு ஒரு காசும் சேரவில்லை. எதிர்த்தரப்பாருக்கும் இதே கணக்கு உண்டு.

நான்காவது, ஒரு குடும்பம் இரண்டாவதால் வரும் செலவு. இதுவே யாவற்றினும் பெரிது. வழக்கு முடிந்த பின்னும் முடியாதது. மற்றுமொரு கணக்கைப் பாருங்கள். மாதம் 40,000 ரூபாய் வருவாயுள்ள குடும்பம் ஒன்று. வாடகை 10,000, உணவு 12,000, பிள்ளைகளின் படிப்பு 6,000, மின்சாரம், போக்குவரத்து 4,000, கடன் தவணை 5,000, சேமிப்பு 3,000. கணக்கு நேராக நிற்கிறது. இக்குடும்பம் பிரிந்தபின் இரண்டு வாடகைகள் சேர்ந்து 17,000 ஆகின்றன. இரண்டு அடுப்புகள் எரிவதால் உணவு 14,000 ஆகிறது. மின்சாரமும் போக்குவரத்தும் 6,000 ஆகின்றன. படிப்பும் கடனும் குறைவதில்லை. கூட்டினால் 48,000. சேமிப்பு முழுவதும் மறைந்ததோடு மாதம் 8,000 ரூபாய் துண்டும் விழுகிறது. இந்தத் துண்டை எந்த நீதிபதியும் தீர்ப்பினால் நிரப்ப இயலாது. வருவாயைப் பங்கிடத்தான் நீதிமன்றத்தால் இயலும், பெருக்க இயலாது.

இந்நான்கனையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். மணவிலக்கின் விலையைப் பெரிதும் முடிவு செய்வது பூசலின் நீளமே. வழக்கு நீள நீள, இரண்டாம் செலவும் மூன்றாம் செலவும் வளர்கின்றன. அவை வளர வளர, நான்காம் செலவைத் தாங்க வேண்டிய பணம் கரைகின்றது. இரு வீடுகளுக்கும் அரிசி வாங்க வேண்டிய காசு, வாய்தாவுக்குப் போய்விடுகிறது.

பணத்தால் அளக்க இயலாத செலவும் ஒன்று உண்டு. தலைமையாசிரியராய் இருந்த காலத்தில் அதனை நேரில் கண்டிருக்கிறேன். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், கணக்கில் கெட்டிக்காரன். பெற்றோர்க்குள் வழக்கு. மாற்றுச் சான்றிதழ் கேட்டுத் தந்தை ஒரு நாள் விண்ணப்பம் தந்தார். கொடுக்கலாகாது என்று தாய் மறுநாள் எழுதித் தந்தார். ஒவ்வொருவரும் என்னைத் தம் பக்கத்துச் சாட்சியாக்க முயன்றனர். அந்தப் பையனோ, அலுவலக வாயிலில் யாருடைய குரல் கேட்டாலும் வகுப்பில் தலையைக் குனிந்துகொள்வான். அவ்வாண்டு அவன் கணக்குத் தேர்வில் வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தான். இச்செலவை எந்த ஏட்டில் எழுதுவது?

ஆகவே, விலையைக் குறைக்க விரும்புவோர் முதலில் பூசலைக் குறைக்க வேண்டும். அதற்குச் சட்டம் தந்துள்ள முதல் வழி, இருவரும் ஒருமித்துக் கேட்கும் மணவிலக்கு. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் இவ்வழி தொடக்கத்தில் இல்லை. ஒருவர் மற்றவர்மீது குற்றம் சாட்டி, அதனை மெய்ப்பிக்க வேண்டும். 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் 13-பி என்னும் பிரிவைச் சேர்த்தது. ஓராண்டு அல்லது அதற்கு மேல் தனித்து வாழ்ந்துவரும் இருவர், இனிச் சேர்ந்து வாழ இயலாது என்று உடன்பட்டுக் கூட்டாக மனுச் செய்யலாம். மனுச் செய்த நாளிலிருந்து ஆறு மாதம் கழிந்தபின், பதினெட்டு மாதத்திற்குள் மீண்டும் நீதிமன்றத்தை நாட வேண்டும். மனம் மாறுவதற்கு விடப்பட்ட இடைவெளி இது. தக்க சூழ்நிலைகளில் இந்த ஆறு மாதக் காத்திருப்பை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது.

இவ்வழியில் சாட்சி விசாரணை இல்லை. குறுக்கு விசாரணையும் இல்லை. ஒருவர் மானத்தை மற்றவர் அம்பலத்தில் ஏற்றுவதும் இல்லை. மேலும், இரு தரப்பின் உடன்பாட்டின்மேல் குடும்ப நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்மீது மேல்முறையீடு கிடையாது. ஆகையால், மேல்முறையீட்டுச் செலவும் மிச்சமாகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். தீர்ப்பு வருமுன் இருவருள் எவரும் தம் இசைவைத் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் கூறியுள்ளது. ஆதலின், ஒப்பந்தத்தை வாய்மொழியாக விடலாகாது. தரவேண்டிய தொகை எவ்வளவு, எந்நாளில் எத்தவணை, நகையும் சீர்வரிசையும் எப்போது திரும்பும், பிள்ளை யாரிடம் வளரும், மற்றவர் எந்நாட்களில் காணலாம் என்பன யாவும் எழுத்தில் இருத்தல் வேண்டும். தொகையின் ஒரு பகுதியை முதல் மனுவின்போதும், எஞ்சியதை இறுதி நாளிலும் தருவதாக அமைத்துக்கொள்வது இருவர்க்கும் காப்பு. பிள்ளையின் பராமரிப்பு உரிமையைத் தாய் தன் ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்துவிட இயலாது என்பதும் 2019-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய செய்தி. அவ்வுரிமை பிள்ளையினுடையது.

இரண்டாவது வழி, உண்மையை முதலிலேயே ஏட்டில் வைப்பது. ஜீவனாம்ச வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்வதற்குப் பெருங்காரணம், வருவாயை மறைப்பதும், மறைத்ததைத் தேடுவதுமே. இதனைத் தடுக்கவே, இரு தரப்பாரும் தத்தம் வருவாய், சொத்து, கடன் யாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ஆம் ஆண்டு நவம்பரில் நெறிமுறை வகுத்தது. ஜீவனாம்சம் மனுச் செய்த நாளிலிருந்தே கணக்கிடப்படும் என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. அதனால், காலத்தை இழுத்தடிப்பவர்க்கு ஆதாயம் இல்லை, நிலுவைதான் ஏறும். எனவே, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, கடன் பத்திரம், நகை வாங்கிய ரசீது, திருமண அழைப்பிதழ் முதலியவற்றை ஒரு கோப்பில் வரிசையாக வைத்திருப்பவருக்குப் பாதி வழக்கு முடிந்தது எனலாம். பெண்ணுக்குத் தனியாக அளிக்கப்பட்ட நகையும் பொருளும் அவளுடைய சொந்த உடைமையே என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதையும் நினைவிற் கொள்க.

மூன்றாவது வழி, வழக்கு நடத்தவே பணம் இல்லாதார்க்கு உரியது. “கையில் காசில்லை, ஆகையால் நீதியும் இல்லை” என்று எத்தனையோ பெண்கள் வாளா இருந்துவிடுகின்றனர். அஃது அறியாமையின் விளைவு. இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, தனக்குப் போதிய வருவாய் இல்லாதவர், வழக்கு முடியும் வரை ஜீவனாம்சத்தையும் வழக்குச் செலவையும் மற்றவரிடமிருந்து கோரலாம் என்கிறது. மனைவியேயன்றிக் கணவனும் இவ்வாறு கோரலாம் என்பது இதன் சிறப்பு. இம்மனுவை, எதிர்த்தரப்பாருக்கு அறிவிப்பு சேர்ந்த 60 நாட்களுக்குள் இயன்றவரை முடிக்க வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. எச்சமயத்தைச் சார்ந்த மனைவியும் பிள்ளைகளும் பராமரிப்புக் கோருவதற்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு நெடுங்காலம் துணைநின்றது. 2024 ஜூலை முதல் அவ்விடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு நிற்கின்றது.

இலவசச் சட்ட உதவியும் உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, பெண்கள், சிறார், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் முதலியோர், வருமான வரம்பு ஏதுமின்றி வழக்குரைஞர் உதவியை இலவசமாகப் பெறலாம். ஏனையோருள் வருவாய் குறைந்தவர்க்கும் உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும், வட்ட அளவில் சட்டப்பணிகள் குழுவும் உள்ளன. 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் வழி கேட்கலாம். அன்றியும், 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மனைவி தான் இப்போது குடியிருக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம். கணவன் ஊருக்குப் பயணம் செய்யும் செலவும் அச்சமும் இதனால் நீங்குகின்றன.

நான்காவது வழி, சமரசம். 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டம், இணக்கத்திற்கு முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாகவே வைத்துள்ளது. அங்கே ஆலோசகர்கள் உள்ளனர். வழக்குரைஞர் வைத்துக்கொள்வதை அங்கு ஒருவர் உரிமையாகக் கோர இயலாது. நீதிமன்றம் இசைந்தால் வைத்துக்கொள்ளலாம். வாதத் திறமையின் களமாக அன்றி, பேசித் தீர்க்கும் இடமாக அஃது இருக்க வேண்டும் என்பதே கருத்து. சென்னை உயர்நீதிமன்றத்தில் 2005-ஆம் ஆண்டு தொடங்கிய சமரச மையம் இத்துறையில் முன்னோடி. சமரசம் என்றால் சேர்ந்து வாழ்வது மட்டும் என்று பலர் கருதுகின்றனர். பகையின்றிப் பிரிவதும் சமரசமே. மணவிலக்கில் உடன்படாதவர்கள்கூடப் பள்ளிக் கட்டணத்தை யார் செலுத்துவது, பிள்ளை விடுமுறையில் எங்கிருப்பது என்பவற்றில் உடன்படலாம். பத்துப் பூசல்களில் ஏழு தீர்ந்தால், மூன்றுக்கு மட்டுமே வழக்காடும் செலவு.

வழக்குரைஞரை அமர்த்துவோர்க்கும் சில கேள்விகள் உண்டு. வக்காலத்தில் கையொப்பமிடுமுன், ஊதியம் மொத்தமாகவா, வாய்தாதோறுமா? நகல், தட்டச்சுச் செலவு அதில் அடங்குமா? மேல்முறையீட்டுக்குத் தனி ஊதியமா? இவற்றைக் கேட்பது அவமரியாதை அன்று. நல்ல வழக்குரைஞர் தாமே சொல்லிவிடுவார். கொடுத்த பணத்திற்கு ரசீது பெறுக. கிடைக்கும் ஜீவனாம்சத்தில் பங்கு தருவதாகப் பேசிக்கொள்வதை வழக்குரைஞர்களுக்கான நடத்தை விதிகளே தடுக்கின்றன.

உற்றார் உறவினர்க்கும் ஒரு சொல். “ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்” என்பது பழமொழி. மாமனும் சித்தப்பனும் தத்தம் கௌரவத்திற்காக வழக்கைத் தூண்டிவிட்டு, வாய்தா நாளில் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவர். கூலியிழந்து நீதிமன்றத் திண்ணையில் காத்திருப்பவர் அவ்விருவர் மட்டுமே. வீம்புக்கு ஒரு வழக்கு, அதற்கு மறுவழக்கு, அதனைத் தள்ளுபடி செய்ய இன்னொரு மனு என்று பெருக்குவதில் வெற்றி பெற்றவர் என்று எவரும் இல்லை.

இவ்வளவும் கூறியபின், மாற்றாக ஒன்றையும் வலியுறுத்தக் கடமைப்பட்டிருக்கிறேன். செலவைக் குறைப்பது வேறு. உரிமையை இழப்பது வேறு. அடியும் உதையும் அச்சுறுத்தலும் உள்ள இடத்தில், செலவுக் கணக்குப் பார்த்துக்கொண்டு ஒருவர் அங்கேயே கிடக்க வேண்டும் என்று எந்த அறநூலும் சொல்லாது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பாதுகாப்பு ஆணையும், குடியிருக்கும் உரிமையும், பண உதவியும் பெண்களுக்கு வழங்குகின்றது. 181 என்னும் மகளிர் உதவி எண்ணும் உள்ளது. உயிர்க்காப்பு முதலில், கணக்கேடு பிறகு. அதுபோலவே, விரைவில் முடிந்தால் போதும் என்று சோர்ந்து, உரிய ஜீவனாம்சத்தைக் கைவிட்டுக் கையொப்பம் இடுவதும் சிக்கனம் ஆகாது. இன்று மிச்சமாகும் வாய்தாச் செலவு, நாளை பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தில் கடனாக வந்து நிற்கும்.

மாணவச் செல்வங்களே, இன்று நீங்கள் நினைவிற் கொள்ள வேண்டுவன சிலவே. நீதிமன்றக் கட்டணத்திற்கு அஞ்ச வேண்டுவதில்லை; வழக்கின் நீளத்திற்கே அஞ்ச வேண்டும். பெண்ணுக்கும் வறியவர்க்கும் வழக்குரைஞரை இலவசமாகத் தரச் சட்டம் உண்டு. உடன்பட்டவற்றை எழுத்தில் வைக்க வேண்டும். உங்கள் தெருவில் எவரேனும் வழி தெரியாமல் கலங்கி நின்றால், அறிவுரை கூறப் புகாமல், அவர்களுடன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் வரை ஒரு முறை நடந்து செல்லுங்கள். தனியே அந்தப் படியேறத் தயங்கியே பலர் திரும்பிவிடுகின்றனர்.